முகம் கேட்ட கதவு

அந்தக் குடியிருப்பில் முகத்தைக் காட்டினால் திறக்கிற கதவு வந்தபோது எல்லோரும் வரிசையில் நின்று முகத்தைக் காட்டினார்கள், ஒருவரைத் தவிர. அவருக்கு ஏற்கெனவே ‘நிபந்தனை’ என்று பெயர் விழுந்திருந்தது. துணி துவைக்கும் இயந்திரம், மின்விசிறி, அடுப்பு என்று புதுப்பொருள் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு கையேடு கிடக்குமே, அதை எழுதுவதுதான் அவருடைய தொழில். யாரும் படிக்காததை எழுதியே பழகிப்போனதாலோ என்னவோ, யாரும் படிக்காததைப் படிக்கிற வழக்கமும் அவரிடம் ஒட்டிக்கொண்டது. போனில் எந்தச் செயலியைப் போட்டாலும் ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற இடத்தில் விரலை வைக்க மாட்டார். சாய்ந்து உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார். நடுவில் ஏதாவது அகப்பட்டால் வீட்டில் இருப்பவர்கள் தப்பிக்க முடியாது.

“இங்க பாரு, டார்ச் அடிக்கிற செயலிக்கு நம்ம போன்ல இருக்கற நம்பரெல்லாம் எதுக்கு? இருட்டுல யாரையாவது கூப்பிடப் போகுதா?”

வெள்ளிக்கிழமைதோறும் தன் இணையதளத்தில் ஒரு கட்டுரை போடுவார். வாங்கிய புத்தகத்தை நம் கருவியிலிருந்தே பிடுங்கிக்கொள்கிற கடை, வேறு கம்பெனி மையைப் போட்டால் வேலைநிறுத்தம் செய்கிற பிரிண்டர், இரண்டு வருடத்தில் கிழவனாகிவிடுகிற போன் என்று வாரம் ஒரு சண்டை. வாசகர்கள் ஒரு பேருந்தை நிரப்பும் அளவுக்கு இருந்தார்கள். அதிலும் சிலர் அவரைத் திட்டுவதற்காகவே ஏறியவர்கள்.

அவருடைய மனைவி நீச்சல் பயிற்சியாளர். குளத்தில் கூச்சல் போடுகிற பிள்ளைகளை ஒரே ஊதலில் கரைக்கு வரவழைப்பவள் என்பதால் தெருவே அவளை ‘விசிலக்கா’ என்றது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். வாசலில் நிறுத்திய சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கியதும் இந்தக் கதவுக்கு ஏற்பாடு செய்தவளும் அவளே. கதவை விற்றவன் அவளுடைய சொந்தத் தம்பி.

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னபோது அவள் கைதான் முதலில் மேலே போனது. நிபந்தனையின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

“செயலாளர் புருஷனே எதிர்த்தா எனக்கு எப்படி இருக்கும்?” என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

“எதிர்க்கலையே. கையத் தூக்கல, அவ்வளவுதான்.”

“அது போதாதா?”

மறுநாள் கதவை மாட்ட வந்த மச்சினன் தன் பங்குக்குச் சீண்டினான். “மாமா, உங்க மூஞ்சிய எவன் திருடப் போறான்? வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்?”

“கடவுச்சொல் திருடு போனா மாத்திக்கலாம் மாப்ள. மூஞ்சி போச்சுன்னா வேற எங்க போய் வாங்கறது?”

“வாங்கறதே வாங்கறோம், இதவிட நல்லதா பாத்து வாங்கிடலாம்” என்றாள் அக்கா. அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் முகத்தைக் கொடுக்கவில்லை. பழைய பூட்டை விட்டுவைத்து தனக்கு ஒரு சாவி கொடுத்தால் போதும் என்று கேட்டுப் பார்த்தார். ஒரு ஆளுக்காகத் தனிப் பூட்டா என்று சங்கம் கையை விரித்தது. பூட்டு இருந்த ஓட்டையை ஒரு தகடு வைத்து மூடிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வெளியே போய்விட்டு வந்தால், யாராவது வந்து திறக்கும்வரை அவர் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. நிற்பதில் ஒரு லாபமும் இருந்தது. இத்தனை வருடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேச்சு வந்தது. கீழ்த்தளத்து டாக்ஸிக்காரர் பயணிகளின் கதைகளைச் சொன்னார். முதல் மாடியில் கேக் செய்து விற்கிற அம்மா, உடைந்துபோன துண்டுகளை அவர் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

விசிலக்கா கண்டிப்பானவள். “எல்லாருக்கும் ஒரு விதி, என் வீட்டுக்காரருக்கு ஒரு விதின்னு நான் வந்து திறந்துவிட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.” சொன்னபடியே அவருக்காக அவள் ஒரு நாளும் வந்து கதவைத் திறக்கவில்லை. ஆனால் அவர் மாலையில் திரும்புகிற நேரம் பார்த்து அவளுக்குக் குப்பை கொட்டுகிற வேலை வந்துவிடும். பாதி கூட நிறையாத பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். அவள் வெளியே வரவும் அவர் உள்ளே நுழையவும் சரியாக இருக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட மாட்டார்கள். இதைப் பற்றி வீட்டில் அவரும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை அவள் வாய் கொப்பளித்த தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி கொப்பளித்தாள். மறுபடி வழிந்தது.

“என்னங்க, இங்க வாங்களேன்.”

குரலே சரியில்லை. அவர் ஓடி வந்து பார்த்தார். முகத்தின் வலப்பக்கம் பயந்துபோயிருந்தது. இடப்பக்கம் ஒன்றுமே நடக்காதது போல் அசையாமல் இருந்தது.

“சிரி பாப்போம்.”

சிரித்தாள். பாதிதான் சிரித்தது.

அவர் கீழ்த்தளத்துக்கு ஓடினார். டாக்ஸிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரை அரைகுறையாகச் சாப்பிட்ட தட்டிலிருந்து எழுப்பி, ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழியெல்லாம் அவர் மனைவியின் இடது கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, “அழுத்து, இன்னும் நல்லா அழுத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாளெல்லாம் நீந்துகிறவளின் பிடி. அவர் விரல்கள் சிவந்துவிட்டன. அந்த வலி அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

டாக்டரம்மா அவளைப் புருவத்தை உயர்த்தச் சொன்னாள், கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள். நெற்றியின் இடது பாதியில் ஒரு கோடுகூட விழவில்லை.

“நெத்தியும் சுருங்கலையா, அப்ப பயப்படாதீங்க. மூளையில வர்ற பக்கவாதம்னா பெரும்பாலும் நெத்தி சுருங்கும். இது முகவாதம். முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. மாத்திரை தர்றேன். நிறைய பேருக்கு சில வாரத்துல சரியாயிடும், சிலருக்கு மாசக்கணக்குல ஆகும். கண்ணு மூடாது, அது காஞ்சு போகாம சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருங்க.”

உயிர் திரும்பி வந்த மாதிரி இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். டாக்ஸிக்காரர் வாசலில் இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார்.

அவள் வழக்கம்போல் கதவின் முன்னால் போய் நின்றாள். கதவுக்குள்ளிருந்து ஒரு இனிய பெண்குரல் பேசியது: “முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.”

கண்ணாடியைக் கழற்றினாள். முடியை ஒதுக்கினாள். மறுபடியும் அதே குரல், அதே இனிமை. தொங்கிப்போன கன்னத்தை விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முயன்றாள். “முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்.”

‘மீண்டும் முயலவும்.’ கையேடுகளில் அவரே எத்தனையோ தடவை எழுதிய வாக்கியம். எழுதும்போது அதில் ஒரு மரியாதை இருப்பதாகத்தான் நினைத்திருந்தார்.

எத்தனை மாதமாகச் சேர்த்துவைத்த வசனங்கள் அவரிடம் இருந்தன! இப்போது ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. கன்னத்திலிருந்து அவள் விரலை மெல்ல எடுத்துவிட்டார்.

“இந்தத் தூண் பக்கமா வந்துடு. வெயில் படாது. நான் நிக்கற இடந்தான்.”

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். “சொல்லிடுங்க” என்றாள்.

“எத?”

“நான் அப்பவே சொன்னேனேன்னு.”

“நான் எங்க சொன்னேன்? கையக்கூடத் தூக்கல.”

பாதி முகத்தால் அவள் சிரித்தாள், கொஞ்சம் அழவும் செய்தாள். கேக் செய்கிற அம்மா கடைக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்வரை இருவரும் தூணோரமாக நின்றார்கள்.

சாயங்காலம் தம்பி ஓடி வந்தான். அக்காவைப் பார்த்ததும் கண் கலங்கினான், பிறகு தொழில்காரனாகிவிட்டான். “இதுக்குப் போய் கவலப்படுவாங்களாக்கா? இப்ப இருக்கற முகத்தப் புதுசா பதிஞ்சுட்டாப் போச்சு.”

கதவின் முன் அவளை நிறுத்தினான். கதவு சொன்னது: “நேராகப் பார்க்கவும். இரு கண்களையும் சிமிட்டவும். புன்னகைக்கவும்.”

அவள் சிமிட்டினாள். இடது கண் திறந்தபடி முறைத்துக்கொண்டிருந்தது. புன்னகைத்தாள். கதவுக்கு அது புன்னகையாகப் படவில்லை. “பதிவு தோல்வியடைந்தது.” தம்பி அதைத் தட்டினான், இதை அமுக்கினான், கம்பெனிக்குப் போன் போட்டான். போட்டோவைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சிமிட்டலும் சிரிப்பும், அதை மட்டும் நீக்க முடியாது என்றார்கள் அங்கே.

“ஏன்டா, என் முகம் என்னோடதுதான்னு நான் சொன்னா போதாதா? அது சிரிச்சு வேற காட்டணுமா?”

தம்பி தலையைச் சொறிந்தான். வீட்டுக்கு வந்த பிறகும் மாமாவின் முகத்தைப் பார்க்காமலே டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

குளத்துக்கு விடுப்பு சொல்லியாகிவிட்டது. விசில் ஊத முடியவில்லை, காற்றெல்லாம் இடது ஓரமாகவே ஓடிப்போனது. வெளியே போவதையும் அவள் குறைத்துக்கொண்டாள். போனால் திரும்பி வந்து வாசலில் நிற்க வேண்டும், நின்றால் போகிறவர் வருகிறவரெல்லாம் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது குப்பை கொட்டப் போவது நிபந்தனையின் வேலையாயிற்று. கொட்டிவிட்டு வருகிற வரைக்கும் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க இடையில் செருப்பை வைத்துவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தவர் மூச்சுவிடாமல் எழுதினார். கன்னத்தைத் தூக்கிப் பிடித்த விரல், திறந்தபடி இருந்த கண், அந்த இனிய குரல், எல்லாம் அதில் வந்துவிட்டன. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை அவர் எழுதியதில்லை. திட்டுவதற்காகப் படிக்கிறவன்கூட இதைப் படித்தால் வாயடைத்துப் போவான். வெளியிடுகிற பொத்தான் மேல் விரலைக் கொண்டுபோனார். அங்கேயே விரல் நின்றுவிட்டது. கதவாவது அவள் முகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது. இவர் கேட்கக்கூட இல்லையே.

எழுதியதை அழித்துவிட்டு, பழைய சண்டைக்காரனான பிரிண்டரைப் பற்றி அவசரமாக எதையோ எழுதிப் போட்டார்.

சாப்பிடும்போது அவள் கேட்டாள். உறிஞ்சுகுழாயை வலது ஓரத்தில் வைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். “என்ன, இந்த வாரமும் பிரிண்டரா?”

“ஆமா.”

“என் கதைய எழுதுவீங்கன்னு நெனச்சேன்.”

“எழுதினேன். அழிச்சுட்டேன். உன் முகம், உன் விஷயம். நீ சம்மதிக்கலையே.”

“கேட்டீங்களா?”

“கேக்கல.”

“கேக்காமலே நான் சம்மதிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க. அப்ப உங்களுக்கும் அந்தக் கதவுக்கும் என்ன வித்தியாசம்?”

நிபந்தனை சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். ஊருக்கெல்லாம் சம்மதம் பற்றிப் பாடம் எடுக்கிறவருக்கு இது அதுவரை உறைக்கவே இல்லை. “சரி, இப்ப கேக்கறேன். எழுதட்டுமா?”

“வேண்டாம்” என்றாள் உடனே. “முதல்ல கூட்டத்தக் கூட்டணும். நான் பேசணும். அதுக்கு உதவுங்க.”

பேசுவதில் ஒரு சிக்கல் இருந்தது. உதடு ஒட்டாததால் ப, ம, வ வருகிற சொற்களெல்லாம் காற்றுப் போகிற பலூன் மாதிரி சத்தம் போட்டன. அவற்றை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சொற்களோடு மல்லுக்கட்டுவதுதானே பிழைப்பு. தாளும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்தார்கள்.

“முகம்?” என்றாள்.

“ம இருக்கு.”

“கதவு?”

“வ.”

“பூட்டு, சாவி?”

“ரெண்டும் ஆகாது.”

“உரிமை? சம்மதம்?”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த விஷயத்தில் வேண்டிய சொற்களெல்லாம் உதட்டில்தான் வந்து உட்கார்ந்திருந்தன.

“கேட். லாக். கீ” என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கணீரென்று வந்தன. “இதெல்லாம் எவ்வளவு அழகா வருது பாருங்க!”

கையேட்டில் ஒரு ஆங்கிலச் சொல் நுழைந்துவிட்டால் அன்றைக்குத் தூங்காத மனிதர் அவர். “அதுக்காக ‘கேட்ல லாக், லாக்குக்கு கீ’ன்னா பேசறது?” என்றார் பரிதாபமாக. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திறந்திருந்த கண்ணில் நீர் வழிய, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள, அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் கூடியது. அவள் எழுந்து நின்றாள். எழுதிக் கொண்டுவந்த தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு, இடது கை விரலால் வாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் ப கொஞ்சம் ஒழுங்காக வந்தது.

“எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. இது என் முகம். போன மாசமும் இதுதான் என் முகம், இப்பவும் இதுதான். இந்தக் கதவ நான்தான் கொண்டு வந்தேன். திருட்டு நின்னுது, இல்லன்னு சொல்லல. ஆனா என் வீட்டு வாசல்ல நான் யாருன்னு ஒரு மிஷின்கிட்ட கெஞ்சிக்கிட்டு நின்னேன். எனக்கு அது பிடிக்கல.”

“கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்களே” என்றார் இரண்டாம் மாடிக்காரர், ஆறுதலாகத்தான். “அதுவரைக்கும் யாராவது திறந்துவிட்டா ஆச்சு.”

“சரியாகலன்னா?”

டாக்ஸிக்காரர் தொண்டையைக் கனைத்தார். “நான் இத வெளிய சொன்னதில்ல. எனக்கும் அது பாதி நாள் திறக்காது. கறுப்பா இருக்கறதால வெளிச்சம் பத்தலையாம். சாயங்காலம் ஆச்சுன்னா போன் டார்ச்ச மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு பேய் மாதிரி நிப்பேன்.”

“ஏன் சொல்லல?” என்று பதறினாள் விசிலக்கா.

“எல்லாருக்கும் திறக்குது, எனக்குத்தான் ஏதோ குறைன்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு கூட்டம் அடங்கவில்லை. கேக் அம்மாவின் கணவர் தாடியை எடுத்த அன்று பட்ட பாடு, கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு வந்த ஒருவரின் கதை எல்லாம் வெளியே வந்தன. பழைய பூட்டை மறுபடி போடுவது, கேட்கிறவர்களுக்கெல்லாம் சாவி கொடுப்பது, ஏன் என்று காரணம் கேட்காமல் இருப்பது, முகத்தை எடுத்துவிடச் சொல்கிறவர்களின் படத்தைக் கம்பெனியிலிருந்தும் அழிக்க வைப்பது என்று முடிவாயிற்று. காரணம் கேட்கக் கூடாது என்பதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள். கை தூக்கச் சொன்னபோது நிபந்தனை இரண்டு கையையும் தூக்கினார்.

“ஒரு ஆளுக்கு எத்தன ஓட்டு? ஒரு கையக் கீழ போடுங்க” என்றாள் செயலாளர்.

பூட்டைத் தம்பியே வந்து மாட்டினான். படங்களை அழிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அவனைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். விற்கும்போது, எப்போது கேட்டாலும் படத்தை அழித்துவிடலாம் என்று அவனே வாயாரச் சொல்லியிருந்ததால் ரோஷம் வந்துவிட்டது. விடாமல் பின்னால் போய் அழிக்க வைத்தான். “மாமா, உங்களால எனக்கும் நிபந்தனை படிக்கிற வியாதி வந்துடுச்சு” என்று போனில் புலம்பினான்.

முகம் மெல்லத் திரும்பியது. முதலில் கண் மூடியது, பிறகு கன்னம் உப்பியது. அவள் குளத்துக்கும் போகத் தொடங்கினாள். சிரித்தால் மட்டும் இடது ஓரம் ஒரு கணம் தாமதமாக வந்து சேர்ந்துகொள்ளும். அந்தத் தாமதத்துக்காகவே அவளைச் சிரிக்க வைக்க அவர் அசட்டு ஜோக்குகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை அவள் வந்து கேட்டாள்: “நாளைக்கு உங்க இடத்த எனக்குத் தர்றீங்களா? என் கதைய நானே எழுதிட்டேன்.”

வாங்கிப் படித்தார். கையேடு எழுதுகிற கை பரபரத்தது. ஒரு பத்தியை மேலே கொண்டுபோகலாம், சட்டம் என்ன சொல்கிறது என்று நடுவில் நாலு வரி சேர்க்கலாம் என்றார். ஒன்றுக்கும் அவள் இசையவில்லை. “எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்துங்க.” இரண்டு ஒற்றெழுத்துகளைப் போட்டுவிட்டு அப்படியே வெளியிட்டார்.

அவருடைய ஒரு பேருந்து வாசகர்களுக்குப் பின்னால் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். விபத்தில் முகம் மாறியவர்கள், விரல்ரேகை தேய்ந்துபோன கட்டடத் தொழிலாளிகள், குரல் போனதால் வங்கியின் தானியங்கி தன்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டதாக எழுதிய ஒரு பாடகி. கூடவே வம்புக்கென்றே வருகிறவர்களும் வந்தார்கள்.

அவர் இத்தனை வருடமாக வம்புக்காரர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவந்தார். அவள் அந்த ரகமில்லை. குளத்திலிருந்து வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் அவருடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சமையலறை அவர் பொறுப்பில் வந்தது.

“ஒளிக்க ஒண்ணுமில்லன்னா பயம் எதுக்குன்னு ஒருத்தன் கேக்கறான்!” என்று அங்கிருந்தே கத்தினாள். “தன் பேரக்கூடப் போடாம எழுதியிருக்கான்!”

“விடும்மா, அவன் எப்பவும் அப்படித்தான். சாப்பாடு ஆறுது.”

“இருங்க, இருங்க. இவன விடக் கூடாது.”

ஈரத்தலையிலிருந்து விசைப்பலகை மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பின்னால் நின்று தலையைத் துவட்ட ஆரம்பித்தார். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.